சுகந்தியின் வலது கால்

முதலில் அழுத்து. பிறகு பிடி. நான் சொன்ன பிறகுதான் விடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த மூன்று சொற்களையும் என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தேன். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் கார் நின்றிருந்தது. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தேன். இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கோணியை விரித்து நான் படுத்திருந்தேன். சுகந்தி ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். புடவையை இழுத்துச் செருகி, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வலது காலைப் பிரேக் மேல் வைத்திருந்தாள்.

"அழுத்து."

"அழுத்தறேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

பெண் பார்க்கப் போனபோது "பிடிச்சிருக்கு" என்று சொன்னது அவளுடைய அம்மாதான். கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து, கிட்டத்தட்ட அந்தச் சொல்லை அவள் வாயாலேயே கேட்டது காருக்கு அடியில் படுத்திருந்தபோதுதான். அதைச் சொல்லிச் சிரித்தேன். "கையில ஸ்பேனரை வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சைப் பாரு" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கார் வைத்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், பெடலை மிதித்தாலும் சக்கரம் பிடிக்காது. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் அந்தத் திருகைத் தளர்த்தினால் பிரேக் ஆயிலோடு காற்றும் குமிழ் குமிழாக வெளியே வரும். திருகை இறுக்கிய பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும்.

குமிழைப் பார்ப்பதற்காக மருந்துக்கடையில் குளுகோஸ் ஏற்றுகிற ட்யூப் ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதன் ஒரு முனை திருகில், மறுமுனை ஊறுகாய் பாட்டிலில். எவ்வளவு கழுவியும் பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் வாசனை போகவில்லை.

ஒரு வரியில் முடித்த கார்

இரண்டு வாரம் முன்பு இந்தத் தொடரில், "அப்போது என்னிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது, பிறகு விற்றுவிட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பெருங்களத்தூர் வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "மனைவியின் சமையலுக்கு ஒரு அத்தியாயம், சானடோரியம் ஸ்டேஷன் டீக்கு ஒரு அத்தியாயம் எழுதுகிறீர்கள். காருக்கு மட்டும் ஒரு வரிதானா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. யார் கேட்டாலும் "விற்றுவிட்டேன்" என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். அது பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையைக் காட்டித்தான் மற்றதையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அச்சுக்கோக்கிறவர்கள் பாவம் என்று, முதல் வாரத்திலிருந்தே சுகந்திதான் நகல் எடுத்துத் தருகிறாள். இந்தத் தொடரின் ஒவ்வொரு எழுத்தும் அவள் கையைத் தாண்டித்தான் உங்களிடம் வருகிறது. இதுவும் அவளிடம்தான் போகும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் தாளில் எழுதுகிறேன். ஆண்பிள்ளைத்தனம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டி

அது சீமையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது. நான் வேலைபார்த்த தொழிற்சாலை முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. முதன்முதலாக நான் பார்த்தபோது ஓட்டும் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனால் இடமாவது மிச்சம் என்று கொடுத்துவிட்டார்.

அதை ஓட வைக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஓடத் தொடங்கியதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுற்றி மெதுவாக ஓட்டுவேன். வேகமாகப் போனால் யாரும் சரியாகப் பார்க்க மாட்டார்களே! ஏரிக்கரையில் பேப்பர் படிக்கும் ரிடையர்டு சார்கள் எழுந்து வந்து விசாரிப்பார்கள். கார்புரேட்டர், கியர்பாக்ஸ் என்று நான் அளப்பேன். பாதி எனக்கே புரியாதது.

கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் காசியம்மாவிடம் மட்டும் அந்தப் பவிசு எடுபடவில்லை. முதல் நாளே, "இன்னா சார், குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வெச்சிகீறே?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தெருவில் அதற்குத் தொட்டி என்றே பெயர்.

சுகந்தி அந்தக் காரில் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். இதை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து ஏரிமுனை வரை தனியாக ஓட்டிக்கொண்டு போய்த் திருப்பிக்கொண்டு வருவாள். கிளட்சை என்னைவிட நன்றாக விடுவாள். அது எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சீட்டும் சரக்கும்

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. எண்ணெய், பசை, பெயின்ட், திருகாணி எல்லாம் என் பொறுப்பு. அங்கே நான் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டும் உள்ளே இருக்கிற சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் யாராக இருந்தாலும் எகிறுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை "சீட்டு சார்" என்று கூப்பிடுவார்கள்.

வீட்டில் கதையே வேறு. நம் வீடுகளில் எந்த டப்பாவிலாவது பெயரில் இருப்பது உள்ளே இருக்கிறதா? பிஸ்கெட் டப்பாவில் காய்ந்த மிளகாய், பால்பவுடர் டப்பாவில் ரவை. சுகந்தியின் அடுக்களையைக் காட்டி எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! "எங்க ஸ்டோர்ஸ்ல நீ இருந்தா ஒரே நாள்ல உனக்கு மெமோதான்" என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் முன்பு, இன்ஜின் ஆயில் வாங்கி வைத்திருந்த பாட்டிலின் மூடி உடைந்துபோயிற்று. பழைய பிரேக் ஆயில் டப்பா ஒன்று காலியாக இருந்தது. நல்ல இறுக்கமான மூடி, எறிய மனம் வராமல் வைத்திருந்தேன். இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றி மூடினேன். மேலே எழுதி ஒட்ட வேண்டும் என்று தோன்றியது. கை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, பக்கத்தில் பேனாவும் இல்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சீட்டு சார் செய்த வேலை இது.

காசியம்மா வந்த நேரம்

இடது பின்சக்கரத்தில் மூன்றாவதோ நான்காவதோ தடவை. சுகந்தி பெடலைப் பிடித்திருந்தாள். நான் திருகைத் தளர்த்தியிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டுக்கு வெளியே காசியம்மாவின் குரல்.

"யம்மா, சங்கரா கீது, நெத்திலி கீது. இன்னா இது, தொட்டில குந்திகினு கீறே? சார் எங்க?"

"காருக்கு அடியில இருக்காரு. இன்னிக்கு வேணாம் காசியம்மா, கை வேலையா இருக்கேன்."

"கை வேலையா? காலுதானே வேல செய்யிது!"

சுகந்தி கேட்டுப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "காலை எடுக்காதே!" என்று நான் கத்தினேன். "எடுக்கலைங்க" என்றாள்.

அவள் எடுக்கவில்லை. காலை எடுத்திருந்தால் பாட்டிலில் இருந்த ஆயில் ட்யூப் வழியாகத் திரும்ப மேலே ஏறியிருக்கும். ஏறவில்லை. என் கண் அந்த ட்யூபின் மேலேயேதான் இருந்தது. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் முன்னால் இருக்கிற சின்னக் கிண்ணத்தில் ஆயில் குறையும், அதை நிரப்ப வேண்டும். நான் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்துகொண்டே, "ஆயில் ஊத்து" என்றேன். காம்பவுண்டுச் சுவர் மேல் இரண்டு டப்பா இருந்தன. சுகந்தி இறங்கி வந்து ஒன்றை எடுத்தாள்.

"இதுதானேங்க?"

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மேல என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியுமில்ல?"

"பிரேக்குன்னுதான் போட்டிருக்கு."

"அப்புறம் என்ன கேள்வி?"

ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "கொஞ்சம் கெட்டியா இருக்கே" என்றாள்.

"பேசாம ஊத்து சுகந்தி. எல்லாம் தெரிஞ்ச மாதிரி" என்றேன்.

கெட்டியாக இருக்கிறது என்று தான் சொன்னதை அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

உப்பளம்

அன்று சாயங்காலம் பிரேக் அருமையாகப் பிடித்தது. ஒரு வாரம், பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு பெடல் கொஞ்சம் விறைத்தது. ஒரு சுற்றுப் போய்வந்தால் சக்கரம் தொட முடியாமல் சுட்டது. புது ஆயில், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுகந்தியின் தம்பி ரவி அப்போது தாம்பரத்தில் அவன் அம்மாவோடு இருந்தான். தீயணைப்புத் துறையில் எழுத்துத் தேர்வு பாஸ் செய்துவிட்டு, அடுத்த மாதம் வரப்போகும் உடல் தகுதித் தேர்வுக்காகத் தினமும் காலையில் ஓடிக்கொண்டிருந்தான். தகப்பன் இல்லாத வீடு. அந்த வேலையைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவன் நண்பனுக்குக் கேளம்பாக்கத்தில் புதுமனை புகுவிழா. பஸ்ஸில் போகக் கிளம்பியவனை நான்தான் நிறுத்தினேன்.

"லைசென்ஸ்தான் இருக்கே, தொட்டியை எடுத்துட்டுப் போடா. அசந்துபோவாங்க."

"வேணாம் மாமா, ஏதாவது ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்? இப்பத்தான் பிரேக் பார்த்திருக்கேன். நானே பார்த்தது."

கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால், நின்றிருந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ரவி பிரேக்கை மிதித்தான். பெடல் தரை வரை போய் ஒட்டிக்கொண்டது. ஆள்மேல் ஏற்றாமல் இடது பக்கம் ஒடித்துவிட்டான். கார் கரையைத் தாண்டி உப்பளத்துப் பாத்தியில் போய் விழுந்தது.

யார் மேலும் படவில்லை. ரவிக்கு இடது முழங்கை நொறுங்கியது. நான் போய்ப் பார்த்தபோது தொட்டி, பெயருக்கேற்றபடி, பாதி உப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

நான் சொன்ன வார்த்தை

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார், சுகந்தி, நான். "நல்லா இருந்த பிரேக்கு எப்படிப் போச்சு மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டார். சத்தியமாக அந்த நிமிஷம் எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காரைப் பற்றித் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"காத்து புகுந்திருக்கும்" என்றேன். "அன்னிக்கு மீன்காரம்மா கூப்பிட்டாங்க இல்ல, அப்போ சுகந்தி பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டா போல. கொஞ்சம் கொஞ்சமாச் சேர்ந்து இப்படி ஆகியிருக்கு."

காற்று புகுந்திருந்தால் அன்றைக்கே பிரேக் பிடித்திருக்காது. கார் தெரிந்தவர் யாரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த வராந்தாவில் கார் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சுகந்தி என்னையே பார்த்தாள். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தாள். "எடுக்கலைன்னுதான் நெனைச்சேன்" என்றாள், மெதுவாக. "திரும்பினேன். ஒருவேளை எடுத்துட்டேனோ என்னமோ."

மயக்கம் தெளிந்ததும் ரவி, அழுதுகொண்டிருந்தவளின் கையைப் பிடித்து, "அக்கா, விடுக்கா. தெரிஞ்சா செஞ்சே?" என்றான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு அவனுக்குக் கை முழுசாக நீளவில்லை. உடல் தகுதித் தேர்வில் இரண்டு கையையும் நேரே நீட்டச் சொன்னார்கள். ஒன்றுதான் நீண்டது.

எபியின் கடை

காரை இழுத்துக்கொண்டு போய்த் தாம்பரத்தில் எபி என்கிற மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன். சில வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது, பிரேக் சிலிண்டரிலிருந்து எடுத்த ரப்பர் வாஷர்களை ஒரு தட்டில் வைத்து நீட்டினான். ராத்திரி முழுக்க ஊறிய கொண்டைக்கடலைபோல உப்பியிருந்தன.

"இன்னா சார் இது? எவன் சார் இதுல இன்ஜின் ஆயில் ஊத்துனது?"

"பிரேக் ஆயில்தானேப்பா ஊத்தினோம்."

"பிரேக் ஆயில்னு பேருதான் சார். அது ஆயிலே கெடையாது. நெஜ ஆயிலு பட்டா ரப்பரு இப்டித்தான் உப்பிகினு பூடும். இத்த வெச்சிகினு கேளம்பாக்கம் வரிக்கும் போனதே பெர்சு."

அந்த நொடியில் டப்பா என் கண்முன் வந்தது. உடைந்த மூடி, பிசுக்குக் கை, இல்லாத பேனா. "கெட்டியா இருக்கே" என்ற குரலும் கேட்டது. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வீட்டுல தெரியாம ஊத்திட்டாங்கப்பா."

"அய்ய, பொம்பளைங்க கையில குட்த்தியா சார்?" என்று எபி சிரித்தான்.

நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் வெட்கப்பட வேண்டியவை எத்தனையோ உண்டு. அவற்றில் எல்லாவற்றுக்கும் கீழே கிடப்பது அந்தச் சிரிப்புதான்.

வீட்டுக்கு வந்து சுவரோரம் இருந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய் ஏரியில் வீசினேன். மூடி இறுக்கமாக இருந்ததால் முழுகாமல் மிதந்தது. கரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன சார் போட்டீங்க?" என்று கேட்டார். "குப்பை சார்" என்றேன். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றேன்.

காரை விற்றுவிட்டேன். அந்த ஒரு வரி மட்டும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதற்குப் பிறகு

சுகந்தி அப்புறம் எந்த வண்டியின் ஓட்டும் இருக்கையிலும் உட்காரவில்லை. பின்னால் நான் மொபெட் வாங்கிக் கொடுக்கிறேன் என்றபோது, "என் காலை நம்பி எதையும் குடுக்காதீங்க" என்றாள். வேடிக்கையாகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

தீபாவளிக்கு முதல் துணி ரவிக்குத்தான். மழைக்காலம் வந்தால் அவனுக்குக் கை குடையும். வானம் இருட்டினாலே இவள் தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்குக் கிளம்பிவிடுவாள். ரவி இப்போது ஸ்டேஷனுக்கு மேற்கே எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மிஷினும் வைத்திருக்கிறான். தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனால் இவள் கை வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்பாள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பேப்பரைப் புரட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்ல எவ்வளவோ நாள் இருந்தது. இத்தனை நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பாள் என்று ஒவ்வொரு வருஷமும் பயந்தேன். பயந்து பயந்து இன்னும் ஒரு வருஷத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

சுகந்தி, நீ காலை எடுக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

என் கையெழுத்தில்

இதுவரை எழுதி, நேற்றுக் காலை காபிக்குப் பிறகு வழக்கம்போல மேசையில் வைத்தேன். இனி வருவதை நானே எழுதுகிறேன். முன்னால் உள்ள பக்கங்களையும் நானேதான் நகல் எடுத்தேன். அச்சுக்கோக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகல் எடுக்க ஆரம்பித்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பேனா ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. தாள் புரளும் சத்தம் மட்டும் வந்தது.

நான் உள்ளே போனபோது கடைசித் தாளைக் கையில் வைத்திருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. மேசைக்கு அடியில் தன் வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்திருந்தாள்.

"அப்போ நான் காலை எடுக்கல."

"எடுக்கல."

"நல்லாத் தெரியுமா?"

"ட்யூபைப் பார்த்துட்டே இருந்தேன். நீ எடுக்கவே இல்ல."

"ஆஸ்பத்திரியில சொல்லும்போதும் தெரியும்?"

"தெரியும்."

தாள்களை அடுக்கி, தட்டிச் சமன் செய்து, என் பக்கம் நகர்த்தினாள். "இதை என்னால எழுத முடியாது. நீங்களே எழுதி அனுப்புங்க" என்றாள்.

பிறகு எழுந்துபோய் டெலிபோனைச் சுழற்றினாள். பூத்தில் ரவிதான் எடுத்திருக்க வேண்டும்.

"ரவி, அக்காடா. நான் காலை எடுக்கலடா." குரல் அங்கே உடைந்தது. "அன்னிக்கு நான் எடுக்கவே இல்லடா ரவி."

அவன் ஏதோ கேட்டான். இவள் ரிசீவரை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் எழுந்து போய் வாங்கும்வரை கையை மடக்கவில்லை.

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. யாரையோ இருக்கச் சொல்லிவிட்டு ரவி பேசினான்.

"சொல்லுங்க மாமா."